பென்சில் சேதம்

என் மனைவி இறந்து ஆறாவது வாரம் அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நூலகத் துறை எழுதியிருந்தது. 'அன்புள்ள வாசகரே, தாங்கள் இரவல் பெற்ற நூல் கெடு கடந்தும் வந்து சேரவில்லை. தங்கள் மௌனம் துறையை வருத்துகிறது.' அவளுடைய மௌனம் என்னையும் வருத்திக்கொண்டிருந்த நேரம் அது. என்னோடு சேர்ந்து வருந்த ஒரு துறையாவது இருக்கிறதே என்று, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. நான் அப்படிப்பட்ட ஆள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் பிழைப்பு. அவள் ஒரு பதிப்பகத்தின் கிடங்கில் இருபத்தாறு வருஷம் புத்தகம் கட்டி அனுப்பும் வேலை பார்த்தவள். பகல் முழுக்கப் புத்தகத்தைத் தூக்கி அடுக்கிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்னொரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்காருவாள். கிடங்கிலிருந்து ஒரு காகிதத்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. எல்லாம் நூலகத்தில் எடுத்ததுதான். படித்ததை என்னிடம் சொல்லுவாள். நான் கைபேசியில் கண்ணை வைத்துக்கொண்டு 'ம்' என்பேன். முப்பத்தோரு வருஷம் 'ம்' சொன்னேன். அதனால் வீட்டில் எனக்கு உம்கொட்டி என்று பெயர். "உம்கொட்டியாரே, நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று நடுவில் மடக்குவாள். நான் திருதிருவென்று விழிப்பேன். அவள் சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்லுவாள். நான் மறுபடி 'ம்' என்பேன்.

கடிதம் கேட்ட புத்தகம் என்னிடம்தான் இருந்தது. அவள் போன இரண்டாவது வாரம் கட்டிலை நகர்த்தியபோது தலையணைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து விழுந்தது. ஒரு நாவல். ஒரு கப்பல் பொறியாளர், வீட்டுக்கு எழுதாமலே வைத்திருக்கும் கடிதங்களைப் பற்றியது. பிரித்தால் ஓரமெல்லாம் பென்சில். அவளுடைய கையெழுத்து. கடைசி நாட்களில் உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது எழுதியிருக்கிறாள். சொல்வதைக் கேட்க ஆளில்லை என்று புத்தகத்திடமே சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது.

மூன்றாம் பக்கத்தில்: 'முதல் காட்சியிலேயே மழை. எழுத்தாளருக்கு ஒண்ணும் தோணலைன்னா மழையைப் பெய்ய விட்டுடறாங்க.' பதினேழில்: 'எந்தப் பொம்பளை இப்படிப் பேசுவா? கோவத்துல இருக்கறவ இவ்வளவு அழகா வாக்கியத்தை முடிப்பாளா?' பின்னட்டையின் உள்பக்கத்தில்: 'உலுக்கி எடுக்கும் நாவல்னு வெளியில போட்டிருக்கான். நானூறு பிரதி உலுங்காம அப்படியே திரும்பி வந்துச்சு. நான்தான் கட்டுப் பிரிச்சு அடுக்கினேன். பாவம், நல்ல கதை.' எண்பத்தெட்டில் பொறியாளர் மனைவிக்குப் போன் செய்யத் தயங்கும் இடத்தில்: 'போடா தடியா. போய்ப் பேசு.'

நான் புத்தகம் படிக்கிறவன் இல்லை. ஆனாலும் படித்தேன். ஒரு நாளைக்கு ஐந்து பக்கம், அதற்கு மேல் இல்லை. வேகமாகப் படித்தால் அவள் தீர்ந்துபோய்விடுவாள். கடிதம் வந்த அன்று நூற்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.

அடுத்து நான் செய்ததை என் மகள் இன்றுவரை மன்னிக்கவில்லை. நேர்மையாகப் போய்க் கேட்டேன். அன்றே ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நாவலின் படிக்காத பிரதி ஒன்று கிடைத்தது. அதையும் இதையும் எடுத்துக்கொண்டு நூலகத் தலைமையகத்துக்குப் போனேன். நான்கு மாடிக் கட்டடம். மூன்றாம் எண் இருக்கையில் ஒரு பெண் இருந்தாள்.

"இந்தப் புதுப் பிரதியை நீங்க எடுத்துக்கங்கம்மா. பழசை நான் வெச்சுக்கறேன்" என்றேன்.

புதிதைப் புரட்டிப் பார்த்தாள். "இது வேற புத்தகம் சார்."

"அதே புத்தகம்தாம்மா. அதே கதை, அதே அட்டை."

"கதையெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு நம்பர்தான் புத்தகம். இதுல நம்பர் இல்லையே."

பிறகு பழையதைத் திறந்தாள். ஷாக் அடித்ததுபோலக் கையை எடுத்துக்கொண்டாள். "ஐயோ, சேதம்! யார் பண்ணது இது?"

"என் மனைவி."

"அவங்களை வரச் சொல்லுங்க."

"இறந்துட்டாங்கம்மா."

"எப்ப? கெடு முடியறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் அந்த வகையில் அதை யோசித்துப் பார்த்ததில்லை. அவளே நாள்காட்டியைப் பார்த்து, "முன்னாடிதான், நாலு நாள்" என்றாள். குரலில் ஒரு பாராட்டு இருந்தது. பிறகு புத்தகத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டாள். சேதமடைந்த நூல் கண்ணில் பட்டால் உடனே காவலில் எடுக்க வேண்டும் என்பது விதியாம். பக்கங்களைக் கைபேசியில் படமாவது எடுத்துக்கொள்கிறேனே என்று கெஞ்சினேன். சேதத்தைப் படமெடுப்பது சேதத்தைப் பரப்புவதாகும் என்று சுவரில் அச்சிட்டே ஒட்டியிருந்தார்கள்.

என் கையில் ஒரு படிவம் வந்தது. 'உறுப்பினர் நேரில் வராததற்கான காரணம்' என்ற இடத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன். 'மீண்டும் எப்போது வருவார்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு கோடு போட்டேன். கோடு செல்லாது, தேதி வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

மகள் போனில் கத்தினாள். "தொலைஞ்சுபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல? எவனாவது கையில கொண்டுபோய்க் குடுப்பானா? ஏம்ப்பா இப்படி இருக்கீங்க?"

"அம்மா பேர்ல பொய் சொல்ல மனசு வரலம்மா."

அவள் குரல் இறங்கியது. "நானும் அதைப் படிச்சிருக்கலாம்" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. 'ம்' என்றேன்.

இறந்தவர் சார்பில் பேச எனக்கு உரிமை இல்லை என்று துறை தெரிவித்தது. அதற்கு நான் வாரிசு வாசகர் ஆக வேண்டும். வாரிசு வாசகர் ஆவதற்கு ஒரு நேர்காணல். இரண்டாம் மாடியில் ஒரு அதிகாரி என்னைக் கேள்வி கேட்டார்.

"கடைசியா என்ன நூல் படிச்சீங்க?"

"லிஃப்ட் பராமரிப்புக் கையேடு சார்."

"அது உங்களை எப்படிப் பாதிச்சது?"

"பிரேக் எதனால பிடிக்கலைன்னு தெரிஞ்சுது சார்."

"நல்லது. ஒரு நூலை எப்படிக் கையாளணும்?"

"தெரியலை சார். என் மனைவி மடியில வெச்சுப் படிப்பா. நல்லா இருந்தா மூடி வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பா."

அவர் எழுதிக்கொண்டார்: 'நூலைப் பயன்படுத்தாத நேரமும் உண்டு. நற்பழக்கம்.' நான் தேறிவிட்டேன். என்னிடம் அட்டை கொடுத்தார்கள். அறுபது வயதில் முதன்முதலாக நான் வாசகன் என்று ஒரு அரசாங்கக் காகிதம் சொன்னது. அதைக் காட்டிச் சிரிக்க வீட்டில் ஆளில்லை.

அடுத்து சேத மதிப்பீட்டுக் குழு. நான்காம் மாடியில் நீள மேஜை. நடுவில் தலைவர். வலப்பக்கம் மொழி வல்லுநர், அலுவலகத்தில் எல்லோரும் அவரைச் சுத்தம் என்று அழைத்தார்கள். இடப்பக்கம் மூன்றாவது உறுப்பினர். அந்தப் பதவி பதினோரு வருஷமாகக் காலி. இருந்தாலும் அவருக்கும் நாற்காலி போட்டுத் தண்ணீர் வைத்திருந்தார்கள். வாக்கெடுப்பு என்று வந்தால் அவர் எப்போதும் தலைவர் பக்கம்தானாம்.

தலைவர் முதலில் உரையாற்றினார். கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன், ஆனாலும் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நூல் என்பது மக்கள் சொத்து. ஆகவே மக்கள் அதைத் தொடக் கூடாது. இதை நான் மேடைக்கு மேடை சொல்லிட்டு வரேன். ஒரு நூல் எந்த நிலையில அச்சகத்துலேர்ந்து வந்துச்சோ, அதே நிலையில நூறு வருஷம் இருக்கணும். அதுதான் பண்பாடு. போன வருஷம் நம்ம கிளை ஒண்ணு சேதமில்லா நூலகம்னு விருது வாங்குச்சு. எப்படி வாங்குச்சு? வருஷம் முழுக்க ஒரு நூல்கூட வெளியில போகலை. சாவி தொலைஞ்சுபோச்சு. அந்த மாதிரி அர்ப்பணிப்பு வேணும். எங்களுக்குக் கட்டடம் இருக்கு, அலமாரி இருக்கு, நூல் இருக்கு, ஊழியர் இருக்காங்க. வாசகர்தான் ஒரே பிரச்சினை."

உணர்ச்சிவசப்பட்டுத் தண்ணீர் குடித்தார். மூன்றாவது உறுப்பினருடைய தண்ணீர்.

பிறகு மதிப்பீடு தொடங்கியது. ஒவ்வொரு சேதத்தையும் சுத்தம் சத்தமாகப் படிக்க வேண்டும். அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் ஏற்ற முடியாது, ஏனென்றால் அது பேச்சுத் தமிழ். துறையின் கோப்புகளில் பேச்சுத் தமிழ் நுழைந்ததே இல்லை என்று அவர் பெருமையோடு சொன்னார். எனவே படித்து, மாற்றி, எழுத்தரிடம் சொன்னார்.

"பக்கம் மூன்று. பருவநிலை குறித்த அதிருப்தி. பக்கம் பதினேழு. மகளிரின் பேச்சாற்றல் குறித்த ஐயம். பின்னட்டை. நூல் விநியோகம் தொடர்பான புள்ளிவிவரம், சரிபார்க்கப்படவில்லை."

எண்பத்தெட்டுக்கு வந்ததும் கொஞ்சம் திணறினார். "போடா தடியா. போய்ப் பேசு" என்று அவர் தன்னுடைய சுத்தமான குரலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போன பிறகு வந்த முதல் சிரிப்பு. அவர் யோசித்து, "கதைமாந்தரின் உடற்பருமன் சுட்டப்பட்டு, உரையாடலை மேற்கொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்டுள்ளது" என்றார். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

நூற்று நாற்பதில் நான் கடைசியாகப் படித்த வரிகள் இருந்தன. சுத்தம் அதையும் படித்தார். "ஒரு புத்தகம் பிடிச்சிருந்தா யார்கிட்டயாவது சொல்லணும். சொல்லலைன்னா பாதிதான் படிச்ச மாதிரி. கேக்கறவங்க கவனிக்கணும்னுகூட இல்ல. பக்கத்துல இருந்தாப் போதும்."

அவர் அதை, "நூல் விளம்பரத்துக்கான யோசனை" என்று மாற்றினார். நான் அழுதுவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. கைக்குட்டைகூட இல்லை, சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

குழு கலவரப்பட்டது. வாரிசு வாசகரின் மனநிலை சேதத்தின் மதிப்பைப் பாதிக்கக்கூடும் என்று தலைவர் கருதினார். வாக்கெடுப்பு நடந்தது. மூன்று பேரும் ஒருமனதாக என்னை வெளியே அனுப்பினார்கள். மீதி எழுபத்து நான்கு பக்கமும் நான் இல்லாமல் படிக்கப்பட்டன. கதவுக்கு வெளியே நின்று கேட்க முயன்றேன். கனமான கதவு.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. நூலில் நூற்றுப் பதினேழு சேதங்கள். அனைத்தும் பென்சில் என்பதால் அழிக்கத்தக்கவை. அழிக்க வாரிசு வாசகரின் ஒப்புதல் கையொப்பம் தேவை.

நான் போட மாட்டேன் என்றேன். மூன்றாம் எண் இருக்கைப் பெண் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"போடலைன்னா புத்தகம் திரும்பி வராததாத்தான் கணக்கு சார்."

"புத்தகம் உங்க இழுப்பறையிலதானேம்மா இருக்கு?"

"இருக்கு. ஆனா வந்து சேரலை. சேதத்தோட எப்படி வந்து சேரும்?"

"அப்ப அழிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன். நூத்து நாப்பதுக்கு அப்புறம் நான் படிக்கவே இல்ல."

"சேதமான புத்தகத்தை வாசகர் கையில குடுக்க மாட்டோம் சார். அழிச்சதுக்கப்புறம் தாராளமா எடுத்துப் படிங்க."

மூன்று வாரம் பிடிவாதமாக இருந்தேன். நான்காவது வாரம் நூலக வாசலில் கண்ணாடிப் பலகைக்குள் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். 'நூலைத் திருப்பித் தராது ஏமாற்றியோர்.' அதில் முதல் பெயர் அவளுடையது. புகைப்படமும் இருந்தது, உறுப்பினர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்தில் ஒரு புத்தகத்தைக்கூட ஒரு நாள் தாமதமாகக் கொடுக்காதவள். காய்ச்சலோடு ஆட்டோ பிடித்துப் போய்க் கொடுத்திருக்கிறாள். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர் 'த்சு' கொட்டிவிட்டுப் போனார்.

அன்றே உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். அவள் பெயரைக் காப்பாற்ற அவள் எழுத்தைக் கொடுத்தேன். சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை. கையெழுத்து பொருந்தவில்லை என்று இன்னொரு முறை போடச் சொன்னார்கள். அதையும் போட்டேன்.

பத்து நாளில் எல்லாம் சுமுகமாக முடிந்தது. பட்டியல் இறங்கியது. தலைவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வந்தது: 'இறந்த வாசகர் நன்னடத்தையோடு விடுவிக்கப்படுகிறார்.' கூடவே நடவடிக்கைக் குறிப்பின் நகல். நான் கொடுத்திருந்த புதுப் பிரதியும் திரும்பி வந்தது. மூலநூல் இப்போது மிக நல்ல நிலையில் இருப்பதால் இது தேவைக்கு அதிகமாம். 'கழிவு' என்று முதல் பக்கத்தில் முத்திரை குத்தி, பரிசாகத் தந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். நூற்று நாற்பது வரைக்கும் படித்தது ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றையும் அதே பக்கத்தில், அதே ஓரத்தில் எழுதினேன். அதற்குப் பிறகு கையில் இருந்தது சுத்தத்தின் தமிழ்தான். 'பக்கம் 152. பருவநிலை குறித்த அதிருப்தி, மறுமுறை.' கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கை தானாக எழுதியது: 'ஐயோ, மறுபடியும் மழையா? குடை வியாபாரியா இவர்?'

அவள்தான். அவள் குரல்தான் அது. அவள் இப்படித்தான் சொல்லியிருப்பாள். 'பக்கம் 166. எழுத்தாளரின் நீட்டல் போக்கு கண்டிக்கப்படுகிறது.' எழுதினேன்: 'சொல்ல வந்ததைச் சொல்லிட்டு உட்காருய்யா.' 'பக்கம் 180. நூலின் ஒரு பகுதி ஏற்புடையதெனக் கருதப்பட்டுள்ளது.' எழுதினேன்: 'இந்தப் பக்கத்தை மட்டும் யார்கிட்டயாவது படிச்சுக் காட்டணும் போல இருக்கு.' முப்பத்தோரு வருஷம் நான் கேட்கவில்லை என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். எல்லாம் உள்ளேதான் இருந்திருக்கிறது. அன்று காலை நான் சந்தோஷமாக இருந்தேன் என்றே சொல்ல வேண்டும். நடுவில் இரண்டு முறை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

பிறகு இந்த வரிக்கு வந்தேன். 'பக்கம் 203. கணவர் தொடர்பான தனிப்பட்ட குறிப்பு. நூலுக்குத் தொடர்பற்றது. பதிவு தேவையில்லை. முழுமையாக அழிக்கப்பட்டது. அழிப்பின் தரம்: சிறப்பு.'

பென்சிலை வைத்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். மழையைப் பற்றி அவள் என்ன சொல்லுவாள் என்று தெரிகிறது. எழுத்தாளரைப் பற்றி என்ன சொல்லுவாள் என்று தெரிகிறது. என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள் என்று ஒரு வார்த்தைகூட வரவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தலைமையகம் போனேன். என் வாரிசு வாசகர் அட்டையில் அந்த நாவலை எடுத்து இருநூற்று மூன்றாம் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தலைவரிடம் கேட்டேன். "ரொம்ப நல்லவிதமா எழுதியிருந்தாங்க சார், பெருமைப்படுங்க" என்றார். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவே இல்லை. சுத்தத்திடம் போனேன்.

"என்னமோ சாப்பாடு பத்தின்னு நினைக்கிறேன்" என்றார்.

"சாப்பாடா சார்?"

"இல்லன்னா கண்ணாடி பத்தி. நூத்திப் பதினேழு இருந்துச்சு சார். மாத்தறதைத்தான் ஞாபகம் வெச்சுப்பேன். இதை மாத்தவே இல்லையே."

கடைசியாக அழிப்புப் பிரிவு. தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு அறை. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, மடியில் துணி விரித்து, ஒரு தடிப் புத்தகத்தை அழித்துக்கொண்டிருந்தாள். ரப்பர் துகளை ஒரு சின்ன பிரஷ்ஷால் தட்டிவிட்டாள். புத்தகம் அவள் மடியில் தலைகீழாக இருந்தது.

"ஏம்மா தலைகீழா வெச்சிருக்கீங்க?"

"படிச்சுடக் கூடாதுன்னு விதி சார். படிச்சா கை நின்னுடும்னு சொல்லுவாங்க."

நான் புத்தகத்தைக் காட்டி, பக்கத்தைச் சொன்னேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"இதுவா? இது பெரிசு சார். மேல, கீழ, ஓரம், மூணு பக்கமும் சுத்தி எழுதியிருந்தாங்க. இடம் பத்தாம வரிக்கு நடுவுலகூட எழுதியிருந்தாங்க. இதுக்கே ஒரு ரப்பர் தீந்துபோச்சு."

"ஒரு வார்த்தைகூடக் கண்ல படலையாம்மா?"

"இல்ல சார். நிஜமாத்தான் சொல்றேன்."

கேட்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "கோவமா எழுதின மாதிரி இருந்துச்சா?"

அவள் ரப்பரைக் கீழே வைத்தாள். இருநூற்று மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் விரலை வைத்து, மேலிருந்து கீழே ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"இல்ல சார். அழுத்தியே எழுதலை. ரொம்ப மெதுவாத்தான் எழுதியிருக்காங்க. அழிக்க சுலபமா இருந்துச்சு."